வேட்டையைப் படம்பிடிக்கத் தானியங்கி கேமரா: எதை வாங்கலாம், எங்கே ஏமாற்றும்

பெட்டியின் மேல் பாயும் புலியின் படம் இருக்கும். உள்ளே இருக்கும் கருவிக்கு அந்தப் பாய்ச்சலைப் பிடிக்கும் வேகம் கிடையாது. ட்ரெயில் கேமரா, கேமரா ட்ராப், தானியங்கி கேமரா என்று எந்தப் பெயரில் விற்றாலும் மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு எதிரே வரும்போது தானே படமெடுக்கும் இது, நடக்கும் விலங்குக்காகச் செய்த கருவி. ஓடும் விலங்கு அதில் விழுந்தால் அது அதிர்ஷ்டம்.

அதனால் இந்த மதிப்புரையில் மெகாபிக்சலை வைத்து மதிப்பெண் போடவில்லை. சிறுத்தை, செந்நாய், நீர்நாய், பாம்பு, ஆந்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இரை தேடுகிறது. அந்த விதத்துக்கு எந்தக் கேமரா ஈடுகொடுக்கும் என்பதே இங்கே அளவுகோல். பார்க்கப்போவது மூன்று வகை: இரவில் அகச்சிவப்பு ஒளி வீசும் சாதாரண ட்ரெயில் கேமரா, வெள்ளை ஃபிளாஷ் அடிக்கும் கேமரா, ஒளிக்கற்றையோடு இணைத்த டி.எஸ்.எல்.ஆர். கட்டமைப்பு.

முதலில் கணக்கு. 45 பாகை கோணம் கொண்ட லென்ஸ், 4 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 3.3 மீட்டர் அகலத்தைத்தான் பார்க்கும். காட்டுப் பாதையில் நிதானமாக நடக்கும் சிறுத்தை நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலே கடக்கிறது என்று வைத்தால், படச் சட்டத்துக்குள் மூன்று நொடி அளவுக்கு இருக்கும். எந்தக் கேமராவுக்கும் அது போதும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுநடை போடும் செந்நாய்க்கு ஒரு நொடிதான். நொடிக்கு 20 மீட்டர் ஓடும் சிவிங்கிப்புலி (சீட்டா) 0.17 நொடியில் தாண்டிவிடும். நல்ல கேமராவின் விழிப்பு நேரம், அதாவது சென்சார் உணர்ந்ததிலிருந்து முதல் படம் எடுக்கும் வரையிலான இடைவெளி, சுமார் 0.2 நொடி. அதற்குள் சிவிங்கிப்புலி 4 மீட்டர் போயிருக்கும். படத்தில் மிஞ்சுவது புழுதி. மலிவான கேமராக்களில் இந்த இடைவெளி அரை நொடி, ஒரு நொடி என்று நீளும். வீடியோவுக்கு இன்னும் அதிகம்.

சிவிங்கிப்புலியின் ஓட்டத்தைப் பற்றி இன்று நம்பகமாகத் தெரிந்த எண்கள் கேமராவிலிருந்து வந்தவை அல்ல. போட்ஸ்வானாவில் 5 சிவிங்கிப்புலிகளுக்கு ஜி.பி.எஸ்., முடுக்க அளவி பொருத்திய கழுத்துப்பட்டை மாட்டி 367 ஓட்டங்களைப் பதிவுசெய்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வு அது. சராசரி ஓட்டத் தூரம் 173 மீட்டர், பதிவான உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர், வேட்டையில் வெற்றி 26 சதவீதம். 173 மீட்டர் ஓட்டம் எங்கே தொடங்கி எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதை 3.3 மீட்டர் அகலத்தில் எதிர்பார்த்து மரத்தில் கேமரா கட்டுவதில் பயனில்லை. திறந்த வெளியில் துரத்திப் பிடிக்கும் விலங்குகளின் வேட்டையைப் பார்க்க விரும்புபவர் இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம்.

பதுங்கி வேட்டையாடும் பூனைகளின் கதை வேறு. புலி, சிறுத்தை, பூமா ஆகியவற்றின் வேட்டையில் பாய்ச்சல் சில நொடி. அதற்கு முன்னால் நீண்ட நடை, மோப்பம், நிற்றல், மறைவிலிருந்து மறைவுக்கு நகர்தல் எல்லாம் உண்டு. இவை தடமற்ற புதருக்குள் புகுந்து போவதைவிட வண்டித்தடம், ஓடைப் படுகை, மலைமுகடு போன்ற எளிதான வழிகளையே விரும்பும். காலடி ஓசை குறையும், முள் குத்தாது, எல்லையையும் குறியிட்டுக்கொண்டே போகலாம். தானியங்கி கேமரா பெயரெடுத்தது இந்தப் பழக்கத்தால்தான். 1920-களில் ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட்) காடுகளில் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி அதன் காலாலேயே ஷட்டரை இழுக்கவைத்தார். கம்பி போய் சென்சார் வந்திருக்கிறது, உத்தி அதேதான்.

எத்தனை படத்துக்கு ஒரு புலி கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2018-19 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றில் புலி 76,651, சிறுத்தை 51,777. அதாவது சுமார் 455 படத்துக்கு ஒரு புலி. அதுவும் தடம் பார்த்து இடம் தேர்ந்த வனத்துறையினர் வைத்த கேமராக்களில்.

சென்சார் எதைப் பார்க்கிறது

கேமராவின் முகத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதன் பின்னால் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். அது வெப்பத்தை அளப்பதில்லை; தன் முன்னால் உள்ள பட்டைகளில் வெப்பக் கதிர் திடீரென மாறுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. மூடியில் உள்ள ஃபிரெனெல் லென்ஸ் எதிரே உள்ள வெளியைப் பட்டைபட்டையாகப் பிரிக்கும். விலங்கு ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடந்தால்தான் சென்சார் விழிக்கும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். குறுக்கே கடக்கும் விலங்கு உடனே சிக்கும். நேராகக் கேமராவை நோக்கி வரும் விலங்கு வெகு அருகில் வரும்வரை சிக்காமல் போகலாம். பதுங்கி வரும் பூனையின் தலை நேராக, உடல் தாழ்ந்து, அசைவு குறைந்து இருக்கும். இரையின் கண்ணை ஏமாற்றும் அந்த நடை சென்சாரையும் ஏமாற்றிவிடுகிறது. இரண்டாவது, விலங்கின் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் சில டிகிரி வேறுபாடாவது வேண்டும். கோடை நண்பகலில் பாறையும் மண்ணும் உடல் சூட்டை எட்டும்போது, எதிரே யானையே நின்றாலும் சென்சார் சில நேரம் பேசாமல் இருக்கும். அதே வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்கள் எடுத்துத் தள்ளும். கோடையில் உணர்திறனை உயர்த்தி வைக்க வேண்டும், முன்னால் உள்ள புல்லையும் அறுக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் மெமரி கார்டு இரண்டு நாளில் நிறைந்துவிடும்.

நீர்நாய் இந்தக் கருவியின் பெரிய தோல்வி. அதன் அடர்ந்த ரோமம் வெப்பத்தை வெளியே விடாது. நீரிலிருந்து ஏறியதும் ரோமத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ நீரின் வெப்பநிலையிலேயே இருப்பதால் கரையேறும் நீர்நாய் சென்சாருக்குத் தெரிவதில்லை. மீனோடு கரையேறும் காட்சி வேண்டுமென்று நீர்விளிம்பில் கேமரா வைத்தால் வெறும் அலைதான் கிடைக்கும். அது எச்சமிடும் பாறை, மணலில் புரண்டு உடல் உலர்த்தும் திட்டு ஆகிய இடங்களில் வைத்தால் வாய்ப்பு கூடும். இல்லையேல் சென்சாரை நம்பாமல், விடியலிலும் அந்தியிலும் குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் டைம் லாப்ஸ் முறைக்கு மாற்றலாம்.

பாம்பு, உடும்பு, முதலை போன்ற குளிர்ரத்த விலங்குகளுக்கும் இதே சிக்கல். ஆனால் முதலை விஷயத்தில் வழி உண்டு. நீர் குடிக்க வரும் மான் வெப்ப ரத்தப் பிராணி. கேமராவை எழுப்புவது மான்; முதலை பாயும்போது வீடியோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த உத்திதான் இந்த மதிப்புரையிலேயே முக்கியமானது. வேட்டை பதிவாக வேண்டுமானால் கேமராவை எழுப்ப வேண்டியது இரை. இரைகொல்லி எழுப்பும் கேமரா அதன் வாலைத்தான் காட்டும். எனவே இரை நின்று நேரம் செலவிடும் இடங்களைத் தேடுங்கள்: நீர்க்குட்டை, உப்புமண், பழம் உதிரும் மரத்தடி, கொறிவிலங்குகளின் வளை. அங்கே புகைப்படத்தை விட்டுவிட்டு வீடியோ, ஒரு துண்டுக்கு 30 முதல் 60 நொடி, இரு பதிவுகளுக்கு இடையே ஓய்வு 0 நொடி என்று வைக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் கருங்கால் பூனை கொறிவிலங்கு வளையின் வாயில் அசையாமல் இரண்டு மணி நேரம் வரை காத்திருக்கும். இப்படிப்பட்ட வேட்டைக்கு, வளையை நோக்கிய கேமராவுக்கு ஈடில்லை. பூனை அசையாமல் இருக்கும்வரை சென்சார் தூங்கும். எலி வெளியே வந்தாலோ பூனை பாய்ந்தாலோதான் விழிக்கும். ஆகவே இங்கும் கடைசிப் பாய்ச்சல் தவறலாம். பாய்ந்த பின் கவ்விக்கொண்டு போவது தப்பாது.

சில மாடல்களில் இரவு வீடியோவின் நீளம் தானாகவே குறைக்கப்பட்டிருக்கும். மெனுவில் 60 நொடி என்று காட்டும், இரவில் 15 அல்லது 20 நொடியில் நின்றுவிடும். பேட்டரியைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. விளம்பரத்தில் இருக்காது, கையேட்டில் சிற்றெழுத்தில் இருக்கும். வேட்டைக்காக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

இரவு ஒளி: இங்கேதான் காசும் படமும் பிரிகின்றன

பெரும்பாலான கொன்றுண்ணிப் பாலூட்டிகள் இரவிலும் அந்தியிலும் இயங்குவதால், பகல் படத்தின் தரத்தை வைத்துக் கேமரா வாங்குவது வீண். அகச்சிவப்பு எல்.இ.டி.யில் இரு வகை. 850 நானோமீட்டர் ஒளி தூரம் போகும், படம் பளிச்சென்று வரும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளிகள் நம் கண்ணுக்கே தெரியும். 940 நானோமீட்டர் நமக்குத் தெரியாது. கேமராவின் பட உணரி அந்த அலைநீளத்தில் மந்தம் என்பதால் தூரம் குறையும், குருணை கூடும்.

'விலங்குகளுக்குத் தெரியவே தெரியாது' என்ற விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம். 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 12 மாடல்களைச் சோதித்தபோது, கேமராக்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலான பாலூட்டிகளின் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதையும், அவற்றின் ஒளி பல இனங்களின் கண்ணுக்குத் தெரியக்கூடியது என்பதையும் காட்டினார்கள். பூனை இனங்களின் காது நம் காதுக்கு எட்டாத மீயொலியையும் கேட்கும். இரவு முறைக்கு மாறும்போது உள்ளே வடிகட்டி நகரும் 'டிக்' ஓசையே ஒரு சிறுத்தையை நிமிர்ந்து பார்க்கவைக்கும். கேமராவை உற்றுப் பார்க்கும் முகங்கள் இவ்வளவு கிடைப்பது அதனால்தான். அழகான படம், ஆனால் அந்த நொடியில் அது வேட்டையாடவில்லை.

தெளிவு என்ற கோணத்தில் பார்த்தால் அகச்சிவப்பின் குறை பெரிது. எல்.இ.டி. ஒளி போதாததால் ஷட்டர் நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத் திறந்திருக்க வேண்டியிருக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் புலி அதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் வரிகளின் அகலமே சில சென்டிமீட்டர்தான்; ஒன்றோடொன்று கலந்துவிடும். செனான் குழாயின் வெள்ளை ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் முடிகிறது. அதற்குள் நகர்வது ஒரு மில்லிமீட்டர். புலிகளை வரியால் இனங்காணும் கணக்கெடுப்புகளில் வெள்ளை ஃபிளாஷ் கேமராக்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் தொடங்கி, 1995-ல் வெளியிட்ட முறையின் அடிப்படையே தனித்தனிப் புலியை வரியால் பிரித்தறிவது. இதில் இழப்பு என்ன என்றால், கண்ணில் பளீரென்று அடிபட்ட விலங்கு அந்த இடத்தைத் தவிர்க்கலாம். ஒரு தடத்தில் ஒரு முறை படம் வேண்டும் என்பவருக்கு வெள்ளை ஃபிளாஷ். அதே விலங்கின் நடவடிக்கையைத் தொடர்ந்து பார்க்க நினைப்பவருக்கு 940.

அகச்சிவப்புக்கு ஒரு இடத்தில் மட்டும் தனி மதிப்பு. மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறத்தாழ அனைத்துமே கருஞ்சிறுத்தைகள். பகல் படத்தில் கரிய உருவம் மட்டும் தெரியும்; எது எது என்று பிரிக்க முடியாது. அங்கிருந்த ஆய்வாளர்கள் கேமராவின் ஒளி உணரியை மறைத்து, பகலிலும் அது இரவு முறையிலேயே இயங்கும்படி ஏமாற்றினார்கள். அகச்சிவப்பில் கருமைக்குள் இருந்த புள்ளிகள் துலங்கின. தனித்தனி விலங்குகளை எண்ண முடிந்தது. 2015-ல் வெளியான வேலை. ஒரு சிறு தந்திரம் செய்த காரியம்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

மெகாபிக்சல் எண்ணைப் பார்க்காமலே தாண்டலாம். 24, 36, 48 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் சிறிய உணரி எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிய அளவு. கோப்பு பெருக்கும், விவரம் கூடாது, எழுதும் நேரம் நீண்டு அடுத்த படம் தாமதமாகும். ஊதாத அளவு எதுவோ அதையே மெனுவில் தேர்ந்தெடுங்கள்.

கூட்டமாக வேட்டையாடும் விலங்குகளுக்கு விழிப்பு நேரத்தைவிட மீள்நேரம் முக்கியம். ஒரு படம் எடுத்தபின் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதே மீள்நேரம். செந்நாய், ஓநாய், ஆப்பிரிக்கக் காட்டுநாய் எல்லாம் வரிசையாகப் போகும். முதல் நாயோடு கேமரா நின்று 10 நொடி ஓய்வெடுத்தால் கூட்டத்தின் எண்ணிக்கை, குட்டிகள், வாயில் இறைச்சி தூக்கிப் போகும் கடைசி நாய் எதுவும் தெரியாது. ஒரு விழிப்புக்கு 3 அல்லது 5 தொடர் படங்கள், ஓய்வு 0. மீள்நேரம் ஒரு நொடிக்கு மேல் போகும் மாடலை இந்தக் கூட்டத்துக்கு வாங்காதீர்கள்.

சிம் போட்டுப் படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் வகைகள் வேட்டைக் காட்சிக்கு எதையும் கூட்டுவதில்லை. வருவது சிறுபடம், பேட்டரி வேகமாகக் காலியாகும். கால்நடைக் கொட்டிலை நோக்கிச் சிறுத்தை வருகிறதா என்று உடனே தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் அது அவசியம்.

பொருத்துவது

புலி, சிறுத்தைக்குத் தரையிலிருந்து 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரம். சிறு பூனை, கீரிக்கு 25 முதல் 30. நெஞ்சுயரத்தில் கட்டுவது மனிதனுக்கு வசதி, படத்தில் விலங்கின் முதுகு மட்டும் வரும். தடத்தின் நடுவிலிருந்து 3 முதல் 4 மீட்டர் தள்ளி, தடத்துக்கு 45 பாகை சாய்வாக. செங்குத்தாக வைத்தால் விலா முழுதாகக் கிடைக்கும், நேரம் குறையும். தடத்தை ஒட்டி நேராக வைத்தால் சென்சார் தாமதிக்கும். இரு பக்க விலாவும் தேவையென்றால் எதிரெதிரே இரண்டு கேமரா வேண்டும். ஆனால் நேருக்கு நேர் அல்ல: ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் லென்ஸில் அடித்துப் படம் வெளுத்துவிடும், சற்றுத் தள்ளி வையுங்கள். இரண்டின் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வலது எந்த இடதோடு சேரும் என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

சரிவில் கேமராவைத் தரைக்கு இணையாகச் சாய்க்க, மரத்துக்கும் கேமராவின் முதுகுக்கும் இடையில் குச்சி செருகினால் போதும். காற்றில் ஆடும் மெல்லிய மரம் கூடாது. கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தால் விடியலிலும் அந்தியிலும், அதாவது வேட்டை உச்சத்தில், சூரியன் நேராக லென்ஸில் விழும். கட்டிய பிறகு எழுந்து நடந்து சோதிப்பதில் அர்த்தமில்லை. தவழ்ந்து போய்ப் பாருங்கள்.

இடம் தேர்வதில் அவசரம் வேண்டாம். பிறாண்டிய மண், சிறுநீர் பீய்ச்சிய அடிமரம், பழைய எச்சத்தின் மேல் புதிய எச்சம், இரண்டு தடங்கள் சேரும் முனை இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

கொன்ற இரையின் அருகே கேமரா வைப்பது தனி விஷயம். புலி பெரிய இரையைச் சில நாள் வைத்துத் தின்னும், பெரும்பாலும் பின்தொடைப் பக்கத்திலிருந்து தொடங்கும். பூமா இலைதழை போட்டு மூடிவிட்டுத் திரும்பத் திரும்ப வரும். சிறுத்தை பல நேரம் மரத்தின் மேல் ஏற்றிவிடும். யார் கொன்றது, யார் பறித்தது, எந்த வரிசையில் தின்றது என்பதெல்லாம் இந்தப் படங்களில்தான் தெளிவாகும். ஆனால் இரைக்கு உரிய விலங்கு பக்கத்துப் புதரிலேயே படுத்திருக்கக்கூடும். பயிற்சி பெற்ற வனத்துறைக் குழு பகலில் ஓசையோடு போய் வைக்கும் கேமரா அது. தனியாள் செய்யக் கூடாது. குட்டிகள் உள்ள குகையும் அப்படித்தான். மனித வாடை பட்டால் தாய் குட்டிகளை இடம் மாற்றிவிடும். காப்புக் காடுகளில் அனுமதியின்றிக் கேமரா வைப்பது பல நாடுகளில் குற்றம். கிடைத்த படத்தை வெளியிடும் முன் கோப்பிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள். அதைத் தேடுபவர்களில் கள்ள வேட்டைக்காரர்களும் உண்டு.

ஈர்ப்பு வாசனை பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சிசாலையில் பல வாசனைத் திரவியங்களைச் சோதித்ததில், கேல்வின் கிளைனின் 'அப்செஷன் ஃபார் மென்' சிவிங்கிப்புலிகளை வெகுநேரம் நிற்கவைத்தது. பிறகு ஜாகுவார் கணக்கெடுப்பிலும் அதைப் பயன்படுத்தினார்கள். விலங்கு நின்று கன்னத்தை உரசும், விலா தெளிவாகக் கிடைக்கும். கணக்கெடுப்புக்குச் சரி, நடத்தையைப் பார்க்க வந்தவர் தெளித்தால், அவர் பார்ப்பது அவரே உண்டாக்கிய நடத்தை. பூச்சிவிரட்டியைக் கேமரா அருகே கொண்டுபோகாதீர்கள். டீட் என்ற வேதிப்பொருள் கலந்தவை சில பிளாஸ்டிக் வகைகளைக் கரைக்கும்.

பழுதாவது எப்படி

பாதிப் புகார்கள் பேட்டரியோடு முடிகின்றன. ஏஏ அளவு அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாகச் சரியும். பகல் படம் வந்துகொண்டிருக்கும், இரவு ஒளி மங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட் என்பதால் சில கேமராக்கள் அதை 'தீர்ந்துவிட்டது' என்று தவறாக எண்ணும். வாங்கும் முன் கையேட்டில் பாருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ கடைசிவரை நிலையாக ஒளி தரும், கடுங்குளிரிலும் தளராது. உருவத்தில் ஏஏ போலவே இருக்கும் 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் செல்லை மட்டும் தப்பித் தவறியும் போடாதீர்கள், கேமராவின் சர்க்கியூட் எரிந்துவிடும். புதியதையும் பழையதையும் கலந்தால் பழையது கசிந்து முனையை அரிக்கும்.

மெமரி கார்டைக் கணினியில் அல்ல, அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். பழைய மாடல்கள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது. வீடியோவுக்கு வேகம் குறைந்த கார்டு போட்டால் துண்டு பாதியில் அறுந்துவிடும். பேட்டரி மாற்றியபின் கடிகாரம் ஆதி தேதிக்குப் போய்விட்டதா, முற்பகல் பிற்பகல் தலைகீழாகிவிட்டதா என்று பாருங்கள். நள்ளிரவில் நடந்த வேட்டை நண்பகலாகப் பதிவானால் அந்தத் தரவு குப்பை.

சிலந்தி லென்ஸின் முன் வலை பின்னும். இரவில் அந்த நூல் அகச்சிவப்பில் வெண்பட்டையாக எரியும். எறும்பு உள்ளே கூடு கட்டும். கழுதைப்புலி வாரைக் கடிக்கும், கரடி பெட்டியைக் கடிக்கும், யானை மொத்தமாகப் பிடுங்கி எறியும். இரும்புக் கூடு கழுதைப்புலிக்கும் கரடிக்கும் உதவும். யானைக்கு எதுவும் உதவாது.

டி.எஸ்.எல்.ஆர். கட்டமைப்பும் மற்றவையும்

ஆந்தை, வௌவால், பாயும் சிறு பூனை போன்றவற்றின் அசைவை உறையவைத்து எடுக்க வேண்டுமானால் இதுதான் வழி. தடத்தின் ஒருபுறம் அகச்சிவப்பு ஒளிக்கற்றையை அனுப்பும் கருவி, மறுபுறம் அதை வாங்கும் கருவி. கற்றை அறுந்ததும் ஷட்டர் திறக்கும். வெப்பத்தை நம்பாததால் வெயிலும் ஈர ரோமமும் பிரச்சினை இல்லை. தரையோடு ஒட்டிக் கற்றை ஓட்டினால் பாம்பும் பல்லியும்கூட விழும். ஃபோகஸைக் கையால் பூட்டி, எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 400 முதல் 800, இரண்டு மூன்று ஃபிளாஷ்களை எட்டில் ஒன்று அல்லது பதினாறில் ஒன்று திறனில் வைக்கிறார்கள். திறனைக் குறைத்தால் ஒளித் துடிப்பும் குறுகும், சிறகு உறையும். கேமராவின் சொந்தத் தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை இருப்பதால், நொடிக்கு 5 மீட்டர் பறக்கும் கூகை அதற்குள் அரை மீட்டர் முன்னேறியிருக்கும். ஃபோகஸ் புள்ளியைக் கற்றைக்கு அவ்வளவு முன்னால் தள்ளிவைக்க வேண்டும். மிரர்லெஸ் கேமராக்களில் பல தூக்கத்திலிருந்து எழ நேரமெடுப்பதால், இந்த வேலைக்குப் பழைய டி.எஸ்.எல்.ஆரே மேல். குறைகளும் உண்டு: ஷட்டர் ஓசை பெரிது, ஒவ்வொரு பாகத்துக்கும் மழை உறை வேண்டும், தொடர்ந்து பெய்தால் ஃபிளாஷ் ஒவ்வொன்றாக ஊமையாகும்.

பாம்பின் தாக்குதலுக்கு இதுவும் போதாது. விரியன் போன்றவை 50 முதல் 90 மில்லிநொடியில் தாக்கி முடித்துவிடும். நொடிக்கு 30 சட்டம் ஓடும் வீடியோவில் அது இரண்டு அல்லது மூன்று சட்டம். பதுங்கியிருக்கும் பாம்பு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் இடம் மாறாது என்பதால் அதை நோக்கி நிலையாக ஓடும் வீடியோவே ஆய்வாளர்கள் கையாளும் முறை.

வேட்டையை நேரில் பார்க்க வேண்டும், படம் இரண்டாம்பட்சம் என்பவர்கள் ட்ரெயில் கேமராவை விட்டுவிட்டு வெப்பத் தொலைநோக்கியைப் பார்க்கலாம். திறந்த வெளியில் இரவு முழுக்க ஓநாய்க் கூட்டத்தின் நகர்வை அது காட்டும். வரியும் புள்ளியும் காட்டாது, கண்ணாடி வழியே வேலை செய்யாது. நொடிக்கு 9 சட்டம் மட்டும் ஓடும் மலிவு வகையில் துரத்தல் தத்தித் தத்தித் தெரியும். 50 ஓடுவதை வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இரவில் கேமராவை 45 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, 4 மீட்டர் தள்ளி ஒரு நாயைக் குறுக்கே நடத்துங்கள், பிறகு ஓடவிடுங்கள். நடக்கும் படத்தில் நான்கு காலும் சட்டத்துக்குள் இல்லையென்றாலோ, கண்ணின் ஒளிப்புள்ளி கோடாக இழுபட்டிருந்தாலோ அந்தக் கேமரா இரவு வேலைக்கு உதவாது. ஓடும் படத்தில் வால் மட்டும் வந்தால் பரவாயில்லை. எதுவுமே வராவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.